கிழக்கே கடல்

இருபத்தாறு வருஷமாய்
அடுத்தவர் நிலத்துக்கு எல்லை எழுதுகிறவள் நான்.
ஸ்ரீவைகுண்டம் பதிவு அலுவலகத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைக்கும் வடைக்கடைக்கும் நடுவில் என் மேசை.
வடக்கே இன்னார் வயல், தெற்கே வாய்க்கால்,
மேற்கே வண்டிப்பாதை, கிழக்கே இன்னார் விளை.
ஆடி மாசம் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தில்
மூன்றாவது தம்பியின் பங்கை எழுதும்போது
வலது தோள் பூட்டிக்கொண்டது.

ஹைகிரவுண்டு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து
‘உறைந்த தோள்’ என்றார்.
இந்த வெயிலில் எப்படி உறையும் என்று
நான் கேட்கவில்லை.
கார் ஓட்டும் மாசானமுத்துதான் சொன்னான்:
‘செந்தூர்ல மூணு ஞாயிறு முங்குங்கக்கா.
மொதல்ல கடலு, பொறவு நாழிக்கிணறு.
சரியாவலைன்னா வண்டி வாடகை வேண்டாம்.’

கடல் வைத்தியம் படித்ததில்லை.
எல்லோரையும் ஒரே மாதிரிதான் அடிக்கிறது.
பக்கத்தில் சங்கரன்கோவில் வெள்ளைத்தாய்,
முழங்கையிலிருந்து செதில் உதிரும் தோலோடு,
ஒவ்வோர் அலைக்கும் கையை நீட்டி
‘இந்தா, எடுத்துக்கோ’ என்றாள்,
வட்டியோடு கடனை அடைக்கிறவளைப் போல.
நான் தோளைக் காட்டினேன்.
அலை கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு போனது.

அடுத்த ஞாயிறு புதுக் கண்ணாடியைக் காரிலேயே வைத்துவிட்டு
ஈரச் சேலை காலைத் தட்ட
நாழிக்கிணற்றுப் படியிறங்கினேன்.
பெரிய கிணற்றுக்குள் ஒரு குட்டிக் கிணறு,
முறத்தால் மூடிவிடலாம் அதன் வாயை.
தலையில் விழுந்த வாளித் தண்ணீரில்
ஒரு மடக்கு வாய்க்குள் போனது.
உப்பில்லை.
கல்லெறி தூரத்தில் அவ்வளவு பெரிய கடல்.
இதற்குப் பத்திரம் எழுதச் சொன்னால்
நாலு எல்லையும் உப்பு என்றா எழுதுவேன்?

மூன்றாவது ஞாயிறு திரும்பும்போது
முக்காணி தாண்டி வண்டியைத் திருப்பினான் மாசானமுத்து.
கொற்கை.
வாழை, வாழை, ஒரு குளம்,
வயசு சொல்லாத வன்னிமரம்.
யவனர் கப்பல் முத்துக்கு வந்த துறையாம்;
அவர்கள் வாயில் இந்தப் பேர் நுழையாமல்
கொல்கோய் என்று எழுதி வைத்தார்களாம்.
பேரைத் தப்பாய் எழுதினால்
பிழைதிருத்தல் பத்திரம் ஒன்று போட வேண்டும்.
யார் போட்டார்கள்?
பம்புசெட்டுக் குழியில் வெட்டிப்போட்ட மண்ணில்
பொடிப்பொடியாய்ச் சிப்பி.
‘கடல் எங்கப்பா?’
‘அது போயி எம்புட்டோ காலமாச்சு.
கெழக்க ஆறேழு கிலோமீட்டர் இருக்கும்.’

ஓலையில் எவனோ ஒருவன்
எனக்கு முன்னால் இந்த வேலை பார்த்தவன்
கிழக்கே கடல் என்று எழுதியிருப்பான்.
எழுதிக் கொடுத்துக் கூலியும் வாங்கியிருப்பான்.
அப்புறம் கடல்
கையெழுத்தில்லாமல், சாட்சியில்லாமல்,
வில்லங்கம் பார்க்காமல்
எழுந்து போய்விட்டது.

வீட்டைத் தாண்டி ஆதிச்சநல்லூரும் போனோம்.
கண்ணாடித் தரைக்குக் கீழே தாழிகள்.
மேலே நடக்கக் கூசியது.
செருப்பைக் கழற்றட்டுமா என்றேன்.
காவல்காரர் சிரித்தார்:
‘இங்க ஒருத்தரும் கோவிச்சுக்கிட மாட்டாவ.’
உடைந்த தாழி ஒன்றின் வாயை
வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.
கையும் காலும் மடக்கி
ஓர் ஆளை உள்ளே இறக்கத்
தோள் எவ்வளவு வளைந்து கொடுக்க வேண்டும்.
என்னை இப்போது இறக்க முடியாது என்று நினைத்ததும்
சிரிப்பு வந்துவிட்டது.
மாசானமுத்து திரும்பிப் பார்த்தான்.

திங்கட்கிழமை.
கை காது வரை வருகிறது.
காதுக்கு மேலே வலி அப்படியே நிற்கிறது.
முழு வாடகையும் கொடுத்தேன்,
பாதியைத் திருப்பித் தந்தான்.
மேல்தட்டிலிருக்கும் முத்திரைத்தாளை
வடைக்கடைப் பெண்தான் எடுத்துத் தருகிறாள்,
தாளின் ஓரத்தில் எண்ணெய் விரல்.

பதினொரு மணிக்கு வந்தவர் கொற்கைக்காரர்,
முப்பத்திரண்டு சென்ட், மகள் பேருக்குத் தானம்.
வடக்கு சொன்னார். தெற்கு சொன்னார். மேற்கு சொன்னார்.
கிழக்குக்கு வரும்போது
என் பேனா தானாக நின்றது.
‘சூசை மரியான் வாழைத்தோட்டம்மா’ என்றார் அவர்,
காது கேட்கவில்லையோ என்று இன்னும் சத்தமாக.
எழுதினேன்.
அந்த ஒரு வார்த்தைக்குப் பக்கத்தில்
கொஞ்சம் இடம் விட்டு.